கீழே நிற்பவன்

குளிர்காலம் வந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். வாசல்படியில் பனி உறைந்து கிடக்கும்போது எந்தப் புத்திசாலி கட்டிலையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவான்? வீட்டுச் சொந்தக்காரர் எத்தனை தொல்லை கொடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வெயில் தலைகாட்டிய பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். அதனால் வீட்டுச் சாமான் தூக்கிப் பிழைக்கிறவர்களுக்கு அந்த மாதங்களில் அநேகமாக வேலை இருக்காது. மற்றவர்கள் அதை ஓய்வு என்று சொல்லிக் கால் நீட்டிப் படுத்துக்கொள்வார்கள். பீரோக்காரர் மட்டும் அதை ஓய்வு என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

பீரோக்காரர் என்பது தொழிலில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவர் பீரோ செய்தவரும் இல்லை, விற்றவரும் இல்லை. எத்தனை குறுகலான மாடிப்படியானாலும், எத்தனை பெரிய மரப் பீரோவானாலும், சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்கிக் கொடுப்பார். அதனால் வந்த பெயர். ஐம்பதைத் தாண்டியவர். ஆள் ஒன்றும் மலை மாதிரி இருக்க மாட்டார். பார்த்தால் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர் என்றுதான் சொல்லத் தோன்றும். முதுகைத் திருப்பினால்தான் விஷயம் தெரியும்.

அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடியில். இரண்டு அறைகள், நடுவில் நீளமாக ஒரு நடை. அந்த நடைதான் குளிர்காலம் முழுக்க அவருடைய உடற்பயிற்சிக் கூடம். காலையில் டீயைக் குடித்ததும் தண்ணீர் நிரப்பிய கேன்களைப் பட்டை வைத்த பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராக நடந்து போவார். திரும்பி வரும்போது பின்பக்கமாகவே நடந்து வருவார். சாமான் தூக்குகிறவனின் பாதிப் பிழைப்பு பின்னால் நடப்பதுதானே. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பார். அதற்கப்புறம் மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் ஏறி இறங்குவார். சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இவருக்கு வேர்த்துக் கொட்டும்.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரி. விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பாள். இவர் நடையில் பஞ்சு வைத்துத் தைத்த பழைய ரஜாய்ப் போர்வையை விரித்துப் போட்டுப் பார்த்தார். அப்படியும் அவள் மேலே ஏறி வந்து, வீட்டில் யானை வளர்க்க அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனாள். பீரோக்காரரின் மனைவி வேலையிலிருந்து வந்தால், இவர் பின்பக்கமாக வந்துகொண்டிருப்பார். அவள் பையோடு சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைகூட உடம்பை இவ்வளவு பார்த்துக்கொள்ள மாட்டான் என்று அவள் வாய்விட்டே சொல்வாள். அவர் மூச்சு வாங்கச் சிரிப்பார்.

கேலி செய்தாளே தவிர, தடுத்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒருவன் குளிர்காலம் முழுக்கக் கட்டிலை விட்டு இறங்காமல் இருந்துவிட்டு, முதல் வேலைக்குப் போனான். ஒரு துணி துவைக்கிற மெஷின். இரண்டாவது படியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் இப்போது ஒரு கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். குனிந்து செருப்பைப் போடக்கூட இன்னொருவர் வேண்டும். உடம்பு ஒரு மாதம் சும்மா இருந்தால் செய்த வேலையை மறந்துவிடும் என்று பீரோக்காரர் சொல்வது சும்மா பேச்சில்லை.

இந்தத் தொழிலில் தனி ஆள் என்று ஒருவர் கிடையாது, ஜோடிதான் கணக்கு. படியில் இறக்கும்போது ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் கீழே நிற்பார். கனம் கீழே நிற்பவன் நெஞ்சில் இறங்கும். மேலே நிற்பவர் சாமானை ஓடவிடாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும். தோளில் பட்டை மாட்டியிருப்பார்கள், பாரத்தைப் பட்டை தாங்கும். ஆனால் படி திரும்புகிற இடத்தில் சாமானை நிமிர்த்தித் திருப்பியாக வேண்டும். அதற்காக, மேலே நிற்பவர் பட்டையைக் கழற்றுவார். ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சு நேரம் அவருடைய இரண்டு கைகளைத் தவிர வேறு எதுவும் அதைப் பிடித்துக்கொண்டிருக்காது. கை விட்டால் கீழே நிற்பவன் காலி. பீரோக்காரர் மேலே நிற்பவர். கீழே நிற்பவன் அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக் கூடத்தில். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. அதுவும் ஜோடி வேலைதான். ஒருத்தி இரண்டு முனை, எதிரே நிற்கிறவள் இரண்டு முனை. உதறி, இழுத்து, சேர்த்து, மறுபடி இழுப்பார்கள். எதிரில் நிற்கிறவளுக்குத் தூக்கம் வருகிறதா, கோபமா, வீட்டில் சண்டையா எல்லாம் அந்தத் துணி வழியாகவே தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் பழகிய கை அது.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் வீட்டில் பெரிய ரஜாயை மடிக்க அவரைக் கூப்பிட்டாள். இருவரும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அவருடைய இடது கைப் பக்கம் துணி தொய்ந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து, கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாள். முனை அவர் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். விழுந்ததை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், கையால் தெரிந்துகொள்ளவில்லை. அது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. 

அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தாள். சட்டைப் பொத்தானை வலது கையால் மட்டுமே போட்டார். சாவியை வலது பக்கப் பைக்கு மாற்றியிருந்தார். கேட்டதற்கு, குளிரில் விரல் மரத்துப்போகிறது, இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். அவள் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்தார், விரல்களை விரிக்கச் சொன்னார், ஒரு காகிதத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கச் சொன்னார். அதைப் பிடிக்க முடியவில்லை. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, கையை மடக்கியே இத்தனை வருஷம் பாரம் தூக்கியதால் வந்தது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் பழைய பிடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதுவரை பஞ்சை அழுத்தி விரல்களுக்குப் பயிற்சி கொடுங்கள், அந்தக் கையை நம்பிப் பாரம் தூக்காதீர்கள் என்றும் சொன்னார்.

இதில் பீரோக்காரர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. வெளியே வந்ததும் முகம் மலர்ந்து, டாக்டரே பயிற்சிதான் மருந்து என்கிறார், பார்த்தாயா என்றார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நடுத்தெருவில் அவரை விட்டுவிட்டு வந்திருப்பாள்.

மறுநாளிலிருந்து கேன்கள் கூடின. மாவு மூட்டைக்குப் பதில் மணல் மூட்டை வந்தது. வாழ்நாளெல்லாம் எந்தச் சங்கடத்தையும் உடம்பைக் கொண்டே தீர்த்த மனிதர். நரம்பு சொன்ன பேச்சைக் கேட்காது என்று அவருக்கு யார் புரிய வைப்பது? தொடை இறுகியது, தோள் விரிந்தது, முகத்தில் இளமைகூட வந்துவிட்டது. ஆனால் நடையில் அவர் சுமந்தது முழுவதும் தோளில் தொங்கியது. கைக்கு அங்கே வேலையே இல்லை. இதை அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்று அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டாள். வேலை எதுவும் இல்லாதபோது அவனை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும், பனி விலகட்டும், நானே சொல்கிறேன் என்றார். அதுவும் நியாயம் மாதிரித்தான் இருந்தது. அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

அப்போது பார்த்து ஒரு வேலை வந்தது. யாரோ ஒரு பாட்டு வாத்தியாரம்மா காலமாகிவிட்டார். வீட்டை விற்றாகிவிட்டது. பியானோவை வார இறுதிக்குள் இறக்கியாக வேண்டும், பனியும் நாலு நாளாக இல்லை. தம்பி போன் செய்தான். பீரோக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கையுறை எங்கே, பட்டை எங்கே என்று வீட்டை இரண்டாக்கினார். எப்போதும் போலக் கையுறையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அதை விடாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்த்தை வாய்வரை வந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டே மாடிதான் என்றார். அந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு போன் போதும். போன் சமையல்கட்டு மேடையில்தான் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

அன்று சலவைக் கூடத்தில் அவள் பக்கத்துத் துணி திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. எதிரே நின்றவள் வாயில் வந்தபடி திட்டினாள். ஒவ்வொரு விரிப்பையும் இழுக்கும்போது அவளுக்கு ஒரு படி திருப்பம் தெரிந்தது, அதற்குக் கீழே தம்பியின் தலை தெரிந்தது. தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள்.  அப்படியும் அவள் போன் செய்யவில்லை. இப்போது செய்தால் நடுப்படியில் அடிக்குமே, அதற்கே கை தவறுமே என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். அது சாக்கு என்பது சொல்லும்போதே தெரிந்தது.

சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தம்பி குளிரில் மூக்கு சிவக்க டீ குடித்தான். பியானோவை மாமா திருப்பிய அழகை, தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றுவது மாதிரி என்று அவனே வர்ணித்தான். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள், ஒருவேளை பயிற்சியில் கை தேறிவிட்டதோ என்று ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது. ஆசைக்கு என்ன, அது எங்கேயும் எட்டிப் பார்க்கும். அந்த வாரமே டீ டம்ளர் அவர் இடது கையிலிருந்து விழுந்து உடைந்தது. விழுந்த பிறகும் விரல்கள் டம்ளரைப் பிடித்த மாதிரியே வளைந்து நின்றன.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சொல்லியே தீர்வது என்று தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் தரையில் கவிழ்ந்து கைகளை ஊன்றித் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். சின்னவள் முதுகில் உட்கார்ந்திருந்தாள், பெரியவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்துத்தான் இந்த வருஷம் தானும் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னான். பேச்சு தானாகவே வேலைக்குப் போனது. அவன் சொன்னது இது:

"மத்தவங்க ஜோடியெல்லாம் வருஷா வருஷம் மாறுதுக்கா. எனக்கு அந்தக் கவலையே இல்ல. மேல மாமா இருந்தா என் வீட்டுல நான் படுத்திருக்கிற மாதிரி."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வாள்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது அன்றைக்கு அவள்தான். பிள்ளைகளுக்கு வாங்கிப் போன பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பனி விலகியது. அவர்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் வேலையை ஒப்புக்கொள்ளும் முன், சொந்த வீட்டுச் சாமான் ஒன்றைத் தெருவரைக்கும் இறக்கி மறுபடி ஏற்றிப் பார்ப்பார்கள். ஊரார் சாமானில் வெள்ளோட்டம் பார்க்கக் கூடாது என்பது பீரோக்காரரின் கொள்கை. அதற்கு எப்போதும் அவர்கள் வீட்டு மரப் பீரோதான். விடுமுறை நாள் காலையில் தம்பி வந்தான். பீரோவிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் குவித்தார்கள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றாள். முந்தின நாள்தான் அவரிடம் மறுபடி கேட்டிருந்தாள். இந்த ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிட்டு, சரிப்படாவிட்டால் சொல்லிவிடுகிறேன் என்றிருந்தார். சரிப்படாவிட்டால் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

பீரோ வாசலைத் தாண்டிப் படியின் தலைப்பில் வந்து நின்றது. சத்தம் கேட்டுத் தையல்காரி கீழ்வாசலில் வந்து அண்ணாந்து பார்த்தாள். தம்பி இரண்டு படி இறங்கித் தோளில் பட்டையை மாட்டப் போனான். அப்போது அவள் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நுழைந்து இறங்கி, அவன் கையிலிருந்த பட்டையை வாங்கினாள்.

"நீ தள்ளு. கீழ நான் நிக்கிறேன்."

தம்பி சிரித்தான். அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றான். அவள் சிரிக்கவில்லை. பட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி, பீரோவின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து நின்றாள். சலவைக் கூடத்துக் கைகள், சளைத்தவை இல்லை. மேலே பீரோக்காரர் சிலையாகிவிட்டார்.

"விளையாடாத. மேல வா."

"ஏன், உங்க தம்பி மாதிரிதான அவன்? அவன் நிக்கலாம்னா நான் நிக்கக் கூடாதா? இறக்குங்க."

"உன்னை நிக்க வெச்சு நான் எப்படி இறக்குவேன்?"

"அவனை நிக்க வெச்சு எப்படி இறக்குவீங்க?"

 பீரோக்காரர் தன் இடது கையைப் பார்த்தார். பீரோவின் விளிம்பில் அது ஒழுங்காகத்தான் வைக்கப்பட்டிருந்தது. அதை வலது கையால் எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவள் கேட்டும் குளிர்காலம் முழுக்க வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"கைல பிடி இல்ல மச்சான். நடு விரலுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியல."

தம்பிக்கு விளங்க நேரமானது. எப்போதிலிருந்து என்று கேட்டான். மழைக்காலத்திலிருந்து என்று அவர் சொன்னார். அந்த மழைக்காலத்தில் இறக்கிய வீடுகள் எல்லாம் அவன் கண்ணுக்குள் வரிசையாக வந்திருக்க வேண்டும். அவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பயிற்சி செய்தால் வந்துவிடும் என்று நினைத்தேன், தினமும் செய்தேன், விடாமல் செய்தேன் என்று பீரோக்காரர் சொல்லிக்கொண்டே போனார்.  தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தனை மாதமாகத் தன் தலைக்குமேல் அதிர்ந்தது என்ன என்று அவளுக்கும் புரிந்திருக்கும்.

தம்பி எழுந்தான். திட்டப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் மேலே ஏறிப் போய் மாமாவின் இடது கையை எடுத்துத் தடவிப் பார்த்தான், விரல் விரலாக. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கலாம், நான் கூட வருகிறேன் என்றான். இவ்வளவு கஷ்டத்தைத் தனியாகச் சுமந்தீர்களே என்றுகூடச் சொன்னான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் முடிந்தது, இனி மூச்சு விடலாம் என்றிருந்தது.

அப்போது தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், நேற்றுத்தான் என்று சொல்லியிருந்தால் பீரோக்காரரும் ஆமாம் போட்டிருப்பார். ஆனால் அவள் சொல்லவில்லை.

"பியானோவுக்கு முன்னாடியே."

அவன் தலையை ஆட்டினான். பீரோக்காரர் பதறிப்போய், அவளைச் சொல்லாதே, தப்பெல்லாம் என்னுடையது, நான்தான் அவள் வாயை அடைத்தேன் என்று குறுக்கே வந்தார்.

"நீங்க இருங்க மாமா. உங்களுக்குத் தூக்கிடலாம்னு நம்பிக்கை இருந்துச்சு. தப்போ சரியோ, நம்பி வந்தீங்க." அவன் அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ நம்பலையே. தெரிஞ்சுதான கையுறையை எடுத்துக் குடுத்து அனுப்பின?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பாள். இன்றைக்கு உன்னைக் காப்பாற்றியது யார் என்று கேட்டிருப்பாள், அதுவும் உண்மைதான். பாரத்துக்கு அடியில் தலை கொடுத்த ஒருத்தியைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா, அநியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று போன் சமையல்கட்டு மேடையில் கிடந்ததை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான்டா," என்றாள்.

 பீரோ வழியை அடைத்துக்கொண்டு நின்றது, அதை உள்ளே கொண்டுபோயாக வேண்டும். பீரோக்காரர் பழக்கத்தில் கை வைக்க வந்தார். தம்பி அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னான். அவன் படிப் பக்கம் போய் நின்றான். அவள் பட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் வந்து மேல்முனையைப் பிடித்தாள்.

"பிடிச்சிருக்கியா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் மாமாவிடம் அவன் கேட்டே அறியாத கேள்வி அது.

"பிடிச்சிருக்கேன்."

ஒரு அடி நகர்த்தினார்கள். அவன் நிறுத்தி, மறுபடி கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். வாசற்படியைத் தாண்டும்போது கேட்டான், நடையில் திரும்பும்போது கேட்டான், சுவரோரம் இறக்கி வைக்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். அவள் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.